ஆரண்ய காண்டம் படத்த நம்ம பக்கம் ஏன் யாருமே கண்டுக்க மாட்டேங்கறாங்க?

நைட்ஷிப்ட்_செந்தூல்:

மக்களே ஒரு கேள்வி, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க. போன சனிக்கிழமை வேலை முடிஞ்சு இங்க கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஆறு பேரு உக்காந்திருந்தோம், ரெண்டாவது தே தாரே (ஆத்துன பால் டீ) வர்றதுக்குள்ள பேச்சு கேங்ஸ்டர் படத்துக்கு போயிடுச்சு. ஆளுக்கு ஒரு படம் சொல்லணும்னு ரூல். ஒருத்தன் நாயகன், ஒருத்தன் பாட்ஷா, ஒருத்தன் புதுப்பேட்டை, வட சென்னைக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டாங்க. நான் ஆரண்ய காண்டம்னு சொன்னேன். டேபிளே சைலண்ட். மூணு பேரு பாத்ததே இல்ல, ஒருத்தன் பேரே கேட்டதில்ல, இன்னொருத்தன் "அது கெட்ட வார்த்தை படம்ல?" அப்படின்னு கேட்டுட்டு ரொத்தி சானாய பிச்சு திங்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

நான் இத முதல்ல பாத்தது 2011ல, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில வாங்குன அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) டிவிடி, நடுவுல ரெண்டு எடத்துல தானா குதிச்சு ஓடும், யாரு யார போட்டாங்கன்னே புரியல, ஆனாலும் ஏதோ ஒட்டிக்கிச்சு. அப்புறம் 2020ல எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) போட்டு எல்லாரையும் வீட்டுல அடைச்சப்ப எங்க பெரியப்பா கூட உக்காந்து நல்ல பிரிண்ட்ல முழுசா பாத்தேன். அன்னிக்குத்தான் எனக்கு புரிஞ்சுச்சு, இது வேற மாதிரி கேங்ஸ்டர் படம்னு.

வேற படத்துல எல்லாம் தலைவர் எப்படி வருவாரு? கார் கதவு தொறக்கும், செருப்ப காட்டுவாங்க, பின்னால இருபது பேரு நடப்பான். இதுல சிங்கபெருமாள் (ஜாக்கி ஷெராஃப், அந்த ஆளுக்கு இதுதான் முதல் தமிழ் படம்) அறிமுகமாகறதே படுக்கையில தோத்துப்போயி. வயசாயிடுச்சு, உடம்பு ஒத்துழைக்கல, அந்த கோவத்த அந்த சின்ன பொண்ணு மேல காட்டறாரு. படம் தொடங்குன உடனே நமக்கு தெரிஞ்சுடுது, இந்த சிங்கத்துக்கு பல்லு போச்சுன்னு. ஆனா ஊருக்கு தெரியாது, தெரியக்கூடாது. அந்த நேரம் பார்த்து அவரோட ஆளு பசுபதி (சம்பத்) ரெண்டு கோடி சரக்கு ஒண்ணு வந்திருக்கு எடுத்துடலாம்னு சொல்றான், பெருசு தயங்குது, இவன் சும்மா வாய் தவறி டொக்கு (தெம்பு போயி ஒண்ணுக்கும் ஆகாத ஆளு) ஆயிட்டீங்களான்னு கேட்டுடறான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள அத்தன பொணம் விழுது. பரம்பரை பகை இல்ல, தங்கச்சிய தூக்கல, ஏரியா சண்டை கூட அப்புறந்தான். டொக்கு. யோசிச்சு பாருங்க, வயசான ஒரு மனுசன் காலையில எழுந்ததுல இருந்து தன்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கற கேள்விய இன்னொருத்தன் வாய்விட்டு கேட்டுட்டான், அத அவரால தாங்க முடியல.

என் கேள்வி இதுதான். நான்தான் இந்த படத்த ரொம்ப தலையில தூக்கி வச்சு ஆடறேனா, இல்ல நம்ம ஊர்ல நெசமாவே யாரும் சரியா பாக்கலயா? பாத்தவங்க சொல்லுங்க.

—

கடைசிவரிசை_பிஜே:

ப்ரோ அண்டர்ரேட்டட்னு சொல்லாதீங்க, சிரிப்பு வருது. யூடியூப்ல படம் பத்தி பேசறவன் எவனும் இந்த பேர சொல்லாம வீடியோவே முடிக்கறதில்ல, கல்ட் கல்ட்னு சொல்லி சொல்லி தேய்ச்சுட்டாங்க. தேசிய விருது ரெண்டு, புது இயக்குநர் படத்துக்கு ஒண்ணு, எடிட்டிங்குக்கு ஒண்ணு. அதுவும் படம் தியேட்டருக்கே வராத முன்னாடி அறிவிச்சது, 2011 மே மாசம் விருது, ஜூன்ல ரிலீசு. அதுக்கு முன்னாடியே நியூயார்க்ல ஒரு விழாவுல ஜூரி பரிசு வேற. இத போயி யாரும் கண்டுக்கலன்னா எப்படி? தியேட்டர்ல ஓடல, அது வாஸ்தவம். ஓடாத படமும் மதிக்காத படமும் ஒண்ணு இல்லையே.

எனக்கு இன்னொரு குறையும் இருக்கு, சண்டைக்கு வராதீங்க. எல்லாரும் ரொம்ப அழகா பேசறாங்க. சாவ போற நேரத்துல கூட ஒருத்தன் சும்மா பேச மாட்டான், யோசிச்சு எழுதுன வசனமா வரும். ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோ வாசம் தூக்கலா அடிக்குது. புதுப்பேட்டையில அந்த பையன் பயத்துல உளறுவான் பாருங்க, அது எனக்கு ஒட்டுன மாதிரி இது ஒட்டல.

—

நைட்ஷிப்ட்_செந்தூல்:

நான் நம்ம ஊர்லன்னு கேட்டேன் ப்ரோ, யூடியூப்ல இல்ல. அந்த டேபிள்ல ஆறு பேர்ல நாலு பேருக்கு தெரியல, அதுதான் என் புள்ளிவிவரம் 😄

பேச்சு விசயத்துல நீங்க சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். ஆனா பசுபதிய கூட்டிக்கிட்டு வண்டியில போறாங்களே அந்த சீன ஞாபகப்படுத்தி பாருங்க, உள்ள ஒருத்தன் பொம்பளைங்கள எப்படி மடக்கறதுன்னு பாடம் எடுத்துக்கிட்டு இருப்பான், ரஜினி புடிக்குமா கமல் புடிக்குமான்னு கேக்கணும், பதில வச்சு ஆள எடை போடலாம்னு. நம்ம பசங்க லோரியில போகும்போது இதத்தான பேசறானுங்க? அந்த கூட்டத்துக்கே அப்புறம் போன் வருது, கூட உக்காந்திருக்கற பசுபதிய போட சொல்லி. காலையில ரஜினியா கமலா, மதியம் கத்தி. அழகா பேசுனதால சிரிச்சுட்டோம், சிரிச்சதால அப்புறம் வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு. பேச்சு அழகா இல்லன்னா அந்த கல்லு விழாது.

—

ஓய்வுபெற்ற_டீச்சரம்மா:

வணக்கம் பிள்ளைங்களா. நான் கிள்ளான்ல தமிழ்ப்பள்ளியில இருந்து ரிட்டையர் ஆனவ. இந்த மாதிரி படம் எல்லாம் நான் பாக்கறவ இல்ல, என் மகன் கட்டாயப்படுத்தி உக்கார வச்சான். முதல் பத்து நிமிசம் காத பொத்திக்கிட்டேன். அப்புறம் கைய எடுத்துட்டேன், ஏன்னா எங்க பள்ளிக்கூடத்து பின்னால ஆறாம் ஆண்டு பசங்க பேசறத இருபத்தெட்டு வருசம் கேட்ட காது இது. சென்சார்ல 52 இடத்துல வெட்ட சொன்னாங்கன்னும் தயாரிப்பாளர் (நம்ம எஸ்.பி.பி. மகன் சரண்) அப்பீலுக்கு போனாங்கன்னும் மகன் சொன்னான். அத்தன வெட்டுனா மிச்சம் என்ன இருக்கும், படத்துல வர்ற சேவல் மட்டும்தான் இருக்கும்.

யாரும் பேரப்பத்தி சொல்லலையே? தமிழ் வாத்தியாரா எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. ஆரண்ய காண்டம்னா ராமாயணத்துல மூணாவது காண்டம், கம்பர்ல ஆரணிய காண்டம்னு படிச்சிருப்பீங்க, காட்டுல நடக்கறது, சீதைய தூக்கிட்டு போறது இங்கதான். இப்ப படத்துல இருக்கற பேர எல்லாம் வரிசையா சொல்லி பாருங்க. சிங்கபெருமாள். கஜேந்திரன், அவன் தம்பி கஜபதி, ரெண்டும் யானை. பசுபதி, காளையன். பசுபதியோட பொண்டாட்டிய அந்த கெழவன் ஆளுங்க தூக்கிட்டு போறாங்க, அவ பேரு கஸ்தூரி. கஸ்தூரி மான்! மான காட்டி சீதைய தூக்குன கதையில இங்க மானையே தூக்கிட்டாங்க. நான் சோபாவுல இருந்து எழுந்து நின்னுட்டேன், மகன் பயந்துட்டான்.

இன்னொண்ணு, இது உங்களுக்கெல்லாம் தோணுச்சான்னு தெரியல. இந்த படத்துல ரெண்டு பொண்ணுங்க. ஒருத்திய காப்பாத்த புருசன் ஊரயே பத்த வைக்கறான். இன்னொருத்தி சுப்பு, அவள காப்பாத்த யாரும் இல்ல, அந்த கெழவன் வீட்டுல அடி வாங்கிக்கிட்டு இருக்கா. ஊர சுத்தி காட்டுடான்னு ஒரு எடுபிடி பையன் கூட அனுப்பி விடறாரு, அவன் பேரே சப்பை, அவன யாரும் மனுசனா கூட மதிக்கறதில்ல. எல்லாரும் கத்தி வச்சிருக்கவன பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் முதல்ல இருந்து அந்த பொண்ணோட கண்ண பாத்துக்கிட்டு இருந்தேன். வகுப்புல பின்னாடி உக்காந்து ஒண்ணுமே பேசாம இருக்குமே ஒரு பிள்ளை, பரீட்சை அன்னிக்கு எல்லாரையும் தூக்கி சாப்பிடும், அந்த மாதிரி. கடைசியில என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், பாக்காதவங்க இருக்காங்க.

—

சும்மாபடிக்கறவன்:

டீச்சர் சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டீங்க 😭 இன்னிக்கு ராத்திரி பாக்கலாம்னு இருந்தேன்

—

ஓய்வுபெற்ற_டீச்சரம்மா:

ஐயோ மன்னிச்சுக்கப்பா. ஆனா படம் வந்து எத்தன வருசம் ஆச்சு, வீட்டுப்பாடத்த நேரத்துக்கு செய்யணும்.

—

பிறை_லோரி:

பினாங்கு பக்கத்துல இருந்து எழுதறேன், பட்டர்வொர்த் டூ ஜொகூர் லைன் ஓட்டறவன், டைப் பண்றதுல தப்பு இருந்தா மன்னிக்கவும். நீங்க எல்லாம் தலைவர பத்தியும் பொண்ண பத்தியும் பேசறீங்க, எனக்கு அந்த படம்னாலே அப்பா மகன் ரெண்டு பேருதான். காளையன், அவன் பையன் கொடுக்காப்புளி. ஊர்ல வாழ்ந்து கெட்ட குடும்பம், சேவல் சண்டைக்கு பந்தயம் கட்ட பட்டணத்துக்கு வந்து லாட்ஜ்ல ரூம் போட்டு அங்க அந்த சரக்கு பை இவங்க கையில மாட்டிக்குது. காளையனா நடிச்சவரு குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல இருந்து வந்தவரு, அதுதான் அவருக்கு முதல் படம், அப்புறம் ஜோக்கர் பண்ணாரு, மலையாளத்துல மின்னல் முரளில வில்லனா வந்து எல்லாரையும் அழ வச்சாரே அதே மனுசன்தான். நான் மின்னல் முரளி பாத்துட்டு இவர எங்கயோ பாத்திருக்கோமேன்னு ரெண்டு நாளு மண்டைய பிச்சுக்கிட்டேன், தாப்பா பக்கத்துல ஹைவே ரெஸ்ட் ஏரியாவுல வண்டிய போட்டு சாப்பிடும்போது டக்குனு ஞாபகம் வந்து சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்து டேபிள் சீனக் கெழவர் எழுந்து வேற எடத்துக்கு போயிட்டாரு.

அந்த பையன பத்தித்தான் சொல்ல வந்தேன். அப்பன் குடிகாரன், வாய் சவடால், பழைய பெருமை பேசிக்கிட்டே அடி வாங்குவான். பையன் பெரிய மனுசன் மாதிரி பின்னாடியே நடந்து அவன பொறுக்கி எடுத்துக்கிட்டு வருவான். எங்க அப்பாவும் சேவல் வளத்தாரு. கெடாவுல தோட்டத்துல இருந்தோம், லயத்து வீட்டுக்கு பின்னால கூண்டு, எனக்கு முட்டை இல்ல ஆனா சேவலுக்கு முட்டை உண்டு. சண்டை விடறது சட்டப்படி தப்பு, அதனால ஞாயித்துக்கிழமை கித்தா (ரப்பர்) காட்டுக்குள்ள ரொம்ப தூரம் போவாங்க, நான் பின்னாடி தண்ணி போத்தல் தூக்கிக்கிட்டு போவேன். ஒரு நாளு முப்பது வெள்ளி தோத்துட்டாரு, அப்ப அது ஒரு வார வீட்டு செலவு, நேரா சம்சு (மலிவு சாராயம்) கடைக்கு போயிட்டாரு, ராத்திரி அவரையும் தூக்கி செத்துப்போன சேவலையும் தூக்கிக்கிட்டு வந்தேன், எனக்கு பதினோரு வயசு. வழியெல்லாம் எங்க தாத்தா நாட்டுல எவ்வளவு நெலம் வச்சிருந்தாருன்னு எனக்கு சொல்லிக்கிட்டே வந்தாரு. அம்மா மறுநாள் அந்த சேவல கறி வச்சுட்டாங்க. அவரு சாப்பிடல. நான் சாப்பிட்டேன்.

படத்துல ஒரு கட்டத்துல அந்த பையன்கிட்ட பசுபதி கேப்பான், அப்பாவ அவ்வளவு புடிக்குமான்னு. அதுக்கு அந்த பையன் சொல்ற பதில் இருக்கே, அத இங்க எழுத மாட்டேன், பாத்தவங்களுக்கு தெரியும். நான் அந்த சீன்ல பாஸ் பண்ணிட்டு வெளிய போயி ஒரு சிகரெட் அடிச்சுட்டு வந்தேன். எந்த கேங்ஸ்டர் படத்துல இந்த மாதிரி ஒரு பையனுக்கு எடம் குடுத்திருக்காங்க சொல்லுங்க.

—

கடைசிவரிசை_பிஜே:

அண்ணே.. நீங்க எழுதுனதுக்கு அப்புறம் நான் என்ன சொல்ல. அந்த பையன் சீன்ல வசனம் எழுதி வச்ச மாதிரி இல்ல, அத நான் வாபஸ் வாங்கறேன்.

—

ஜாலான்ஈப்போ_ரசிகை:

பையனுக்கு எடம் குடுத்த படம்னு கேட்டீங்களே பிறை அண்ணே, பதில் நம்ம ஊர்லயே இருக்கு. ஜகாட்! சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015 டிசம்பர்ல வந்துச்சு. 90கள்ல நடக்கற கதை, அப்போய்னு ஒரு பன்னெண்டு வயசு பையன், கெட்டிக்காரன், சேட்டை, அப்பா படி படின்னு அடிக்கறாரு, சொந்தத்துல ஒருத்தரு போதையில விழுந்து எழுந்தவரு, இன்னொருத்தரு குண்டர் கும்பல்ல இருக்காரு, பையன் எந்தப் பக்கம் போவான்னு நமக்கு முதல்லயே பக்குனு இருக்கும். பேரே பாருங்க, மலாய்ல ஜஹாட்னு (கெட்டதுன்னு அர்த்தம்) சொல்றத நம்ம தோட்டத்து ஆளுங்க ஜகாட் ஆக்குனது. 2016ல மலேசியத் திரைப்பட விழாவுல தேசிய மொழி படத்துக்கு தனி, மத்த மொழிக்கு தனின்னு பிரிச்சு வச்சு பெரிய சர்ச்சை ஆச்சு ஞாபகம் இருக்கா, கடைசியில சிறந்த மலேசியப் படம் விருத இதுக்குத்தான் குடுத்தாங்க, ஒரு தமிழ் படத்துக்கு! எங்க ஆபீஸ்ல மலாய்க்கார ஃப்ரெண்ட் வந்து எனக்கு வாழ்த்து சொன்னா, என்னமோ நான் எடுத்த மாதிரி. ஆனா அதே வருசம் ஜூலையில கபாலி வந்துச்சு, கோலாலம்பூர்தான் களம், ஊரே தலைகீழா நின்னுச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஏழு மாசந்தான். இன்னிக்கு யாரையாவது மலேசிய கேங்ஸ்டர் படம்னு கேட்டு பாருங்க, பத்துக்கு ஒம்பது பேரு கபாலிம்பாங்க.

கபாலிய குறை சொல்லல லா, நான் முதல் ஷோ பாத்தவ. ஆனா நம்ம ஊர் தியேட்டர்ல கடைசியில அவரு போலீஸ்ல சரணடைஞ்சுட்டாருன்னு எழுத்து போட்டு முடிச்சாங்களே, அத பாத்து பின்னாடி சீட்டு அங்கிள் "எப்போ?"ன்னு கேட்டாரு. அந்த எழுத்துதான் எனக்கு படத்த விட அதிகமா ஞாபகம் இருக்கு.

நைட்ஷிப்ட் கேட்ட கேள்விக்கு என் பதில், நமக்கு பெருசா நடந்து வர்ற ஆளு வேணும். தோட்டத்துல இருந்து வெளியேத்தி ஃபிளாட்டுல கொண்டாந்து போட்ட கூட்டம் நாம, திரையிலயாவது ஒருத்தன் கோட்டு போட்டு நிமிந்து நடக்கட்டும்னு தோணும், தப்பில்ல. டொக்கு ஆன தலைவர பாக்க யாரு டிக்கெட்டு வாங்குவா? 2013ல உள்துறை அமைச்சு 49 கும்பல் பேர பட்டியல் போட்டு பேப்பர்ல வந்துச்சு, எங்க தமான் (குடியிருப்பு) பசங்க அத பாத்து எங்க கும்பல் நம்பர் இருக்கு எங்க கும்பல் நம்பர் இருக்குன்னு சந்தோசப்பட்டானுங்க. அவனுங்ககிட்ட போயி ஆரண்ய காண்டம் போட்டு காட்டுனா தூங்கிடுவானுங்க.

—

பிறை_லோரி:

ஜகாட் பாத்துட்டேன் தங்கச்சி, பட்டர்வொர்த்துல தியேட்டர்ல. அது வேற வலி. அத பத்தி தனியா ஒரு நாள் எழுதறேன், இன்னிக்கு முடியாது, அஞ்சு மணிக்கு லோடு ஏத்தணும்.

தூங்கிடுவானுங்கன்னு சொன்னீங்களே, அத மட்டும் ஒத்துக்க முடியல. என் கிளீனர் பையன், வயசு இருபத்தி ஒண்ணு, கையில ஏதோ நம்பர் பச்சை குத்தியிருப்பான், என்னன்னு நான் கேட்டதில்ல. அவன் போன்லதான் போன மாசம் மறுபடி பாத்தேன். சத்தமே இல்லாம பாத்தான். கஜேந்திரன் வரும்போது மட்டும் யாரு அண்ணே இந்த ஆளு, நெசமாவே பயமா இருக்கேன்னு கேட்டான். அவரு ராம்போ ராஜ்குமார், சண்டை மாஸ்டர், படம் வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டாருன்னு சொன்னேன். அப்படியான்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் ரோட்டயே பாத்துக்கிட்டு வந்தான்.

—

சும்மாபடிக்கறவன்:

பாத்துட்டேன். டீச்சர் ஸ்பாய்லர் குடுத்தும் கடைசி அஞ்சு நிமிசம் எதிர்பாக்கல. சப்பையா நடிச்சது 7ஜி ரெயின்போ காலனி ஹீரோ ரவி கிருஷ்ணாவா?? நம்பவே முடியல. ஹீரோவா நடிச்ச ஒருத்தன் இப்படி ஒரு வேஷம் எப்படி ஒத்துக்கிட்டான். அப்புறம் ஒரு பாட்டு கூட இல்லங்கறது படம் முடிஞ்சப்புறம்தான் உறைக்குது, ரேடியோவுல டிவில பழைய பாட்டு ஓடுது, மத்தபடி யுவனோட பேக்ரவுண்டுதான் எல்லாம் பண்ணுது. ஹெட்போன்ல கேளுங்க, சண்டை வர்ற எடத்துல கூட சண்டை மியூசிக் மாதிரியே இல்ல.

—

கடைசிவரிசை_பிஜே:

நானும் நேத்து மறுபடி போட்டு பாத்தேன், சொன்ன குறைய முழுசா விடல, டாரன்டினோ வாசம் இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சேன், முழு கதையும் ஒரே நாளுக்குள்ள முடியுது, அந்த வெயில் ஏறி எறங்கறது ஒவ்வொரு சீன்லயும் தெரியுது. பி.எஸ். வினோத் கேமரா. மதிய வெயில்ல மனுசன் எப்படி எரிச்சலா இருப்பான், அந்த எரிச்சல்லதான் பாதி பேரு தப்பு முடிவு எடுக்கறாங்க. இப்படி ஒண்ணு எடுத்துட்டு இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா அடுத்த படம் சூப்பர் டீலக்ஸ் குடுக்க எட்டு வருசம் எடுத்துக்கிட்டாரு, 2019. அந்த எட்டு வருசத்துக்கு தியேட்டருக்கு போகாத நாமளும் ஒரு காரணந்தான். நைட்ஷிப்ட், அஞ்சு வெள்ளி டிவிடி, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன் 😄

—

நைட்ஷிப்ட்_செந்தூல்:

அடி வாங்கிக்கறேன் ப்ரோ, நியாயமான அடி.

—

ஓய்வுபெற்ற_டீச்சரம்மா:

தம்பி, பெரியப்பா கூட பாத்தேன்னு முதல்ல எழுதுனியே, அவரு என்ன சொன்னாருன்னு சொல்லவே இல்லையே? அந்த வயசு ஆளு என்ன நெனச்சாருன்னு தெரிஞ்சுக்க ஆசை.

—

நைட்ஷிப்ட்_செந்தூல்:

பெருசா ஒண்ணும் சொல்லல டீச்சர். முப்பது வருசம் லோரி ஓட்டுனவரு, பேச்சு கம்மி. டொக்கு சீன்ல மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சாரு, பெரியம்மா சமையல்கட்டுல இருந்து ஓடி வந்து என்னாச்சுன்னு கேக்கற அளவுக்கு. அப்புறம் படம் முடியற வரைக்கும் சிரிக்கவே இல்ல.

எங்க ஃபிளாட்டுல லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கும், நாங்க ஒம்பதாவது மாடி. போன வாரம் பத்து கிலோ அரிசி மூட்டைய அவரு தோள்ல போட்டுக்கிட்டு படியேறறாரு, வயசு எழுவத்தி ஒண்ணு, நான் ஓடிப்போயி குடுங்க பெரியப்பான்னு கைய நீட்டுனேன். ஆறாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே என்ன ஒரு பார்வை பாத்து "என்னடா, நான் டொக்கா?"ன்னு கேட்டாரு. நான் வாயே தொறக்கல. பின்னாடியே ஒம்பதாவது மாடி வரைக்கும் சும்மா கைய வீசிக்கிட்டு ஏறுனேன்.

—

ஜாலான்ஈப்போ_ரசிகை:

நல்ல வேளை பதில் சொல்லல 😂 லிஃப்ட் சரி பண்ணிட்டாங்களா?

—

நைட்ஷிப்ட்_செந்தூல்:

இல்ல.